வேட்டியைப் பார்க்காதீர்கள், சட்டத்தைப் பாருங்கள்



கனடா அரசியலைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். கோப்பிக் கடையிலும் கல்யாண வீட்டிலும் இந்தப் பேச்சு அடிபடத்தான் செய்கிறது. "ட்ரூடோ தங்கமான மனுஷன், வேட்டி கட்டிப் பொங்கல் கொண்டாடினாரே" என்பார் ஒருவர். "ஹார்ப்பர் நம் ஆட்களுக்கு எதிரி" என்பார் இன்னொருவர். "யார் வந்தால் என்ன, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவிடுவார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் நம்பிப் போனால் பாதி வழியில்தான் நிற்போம். ஏன் என்று சொல்கிறேன்.

1914-ஆம் ஆண்டு கோமகாட்டா மாரு என்ற கப்பல் 376 இந்தியர்களுடன் வான்கூவர் துறைமுகத்துக்குப் போனது. அதை வாடகைக்கு எடுத்த குர்தித் சிங் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்தவர். மிகச் சிலரைத் தவிர யாரையும் கரையிறங்க விடவில்லை. இரண்டு மாதம் கழித்துத் துரத்திவிட்டார்கள். கல்கத்தா அருகே திரும்பி வந்து இறங்கியபோது பிரிட்டிஷ் போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள்.

எந்தச் சட்டத்தை வைத்துத் தடுத்தார்கள்? 1908-இல் போட்ட விதி. சொந்த நாட்டிலிருந்து எங்கும் நிற்காமல் நேராக வர வேண்டும் என்றது அது. அதில் இந்தியன் என்ற சொல்லே இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரும் கப்பலும் இல்லை! விதியைப் போட்டது லிபரல் கட்சி அரசு. கப்பலைத் திருப்பியது கன்சர்வேட்டிவ் கட்சி அரசு. ஓட்டுரிமை இல்லாத மக்கள் என்று வந்துவிட்டால் இரண்டு கட்சிக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

அப்படியானால் மட்டைகள் கதைதான் சரியா? இல்லை. பின்னால் நடந்ததையும் கேளுங்கள்.

1960-இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் டீஃபன்பேக்கர் உரிமைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். 1982-இல் லிபரல் பிரதமர் பியர் ட்ரூடோ காலத்தில் உரிமைகள் சாசனம் அரசியலமைப்பிலேயே சேர்ந்தது. 1985-இல், அகதி என்று மனுச் செய்த சிலருடைய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பெரும்பாலும் சீக்கியர்கள். அவர்களை நேரில் விசாரிக்காமலே, காகிதத்தைப் பார்த்து மனுவைத் தள்ளியிருந்தார்கள். நேரில் கூப்பிட்டுக் கேட்காமல் தள்ளியது தவறு என்று தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகளில் மூவர் சாசனத்தை வைத்துச் சொன்னார்கள், மூவர் 1960 சட்டத்தை வைத்துச் சொன்னார்கள். கனடா மண்ணில் கால் வைத்திருக்கும் எவரும் சாசனம் சொல்லும் 'ஒவ்வொருவரும்' என்ற சொல்லுக்குள் அடங்குவார் என்றார் நீதிபதி பெர்தா வில்சன்.

அடுத்த ஆண்டே, 1986-இல், நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்து வந்தார்கள். மீனவர்கள் காப்பாற்றினார்கள். பிரதமர் மல்ரோனி திருப்பி அனுப்ப மாட்டோம் என்றார். நல்ல மனுஷன் என்பீர்கள். 1987-இல் சீக்கியர்கள் நோவா ஸ்கோஷியா கரையில் இறங்கினார்கள். அதே மல்ரோனி அரசு விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டி, கடுமையான மசோதாவைக் கொண்டுவந்தது. ஒரே தலைவர், ஒரே ஆண்டு இடைவெளி!

ஹார்ப்பரைப் பாருங்கள். 2010-இல் சன் சீ கப்பலில் பெண்கள், குழந்தைகள் உட்பட 492 தமிழர்கள் வந்தபோது அவர் அரசு அவர்களை அடைத்து வைத்தது. பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அதே ஹார்ப்பர்தான் 2008-இல், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்ததற்கு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2013-இல் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் போக மறுத்தவரும் அவரே. இவர் நண்பரா, எதிரியா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது, ஏனென்றால் கேள்வியே தப்பு.

2015-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. ஆள் கடத்தல் சட்டத்தை வைத்து, மனிதாபிமானத்தோடு உதவியவரையும், சொந்தக் குடும்பத்தாரைக் கூட்டி வந்தவரையும், ஒருவருக்கொருவர் கை கொடுத்த அகதிகளையும் தண்டிக்க முடியாது என்றது. தமிழர்கள் வந்த கப்பல் தொடர்பான வழக்கில் வந்த தீர்ப்பு அது. அதைப் பெற்றுத் தந்தது எந்தத் தலைவரின் பாசமும் அல்ல. சாசனமும், அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் வாதாடியவர்களும்தான்.

சரி, நம் ஆள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் போதுமா? இலங்கையில் பிறந்து சிறு வயதில் கனடா போன கேரி ஆனந்தசங்கரி, 2025 மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். நமக்கெல்லாம் பெருமைதான். ஜூன் மாதமே அவர் ஒரு மசோதா தாக்கல் செய்தார். 2020 ஜூன் 24-க்குப் பிறகு கனடாவுக்கு வந்தவர், வந்து ஓராண்டு கடந்து அகதி மனுக் கொடுத்தால், மனு அகதிகள் வாரியத்துக்குப் போகாது என்ற பிரிவு அதில் இருந்தது. அகதிகள் உரிமை அமைப்புகள் எதிர்த்தன. அரசுக்கும் அரசின் காரணங்கள் உண்டு, குவிந்து கிடக்கும் மனுக்கள் என்றது. நான் அவரைத் துரோகி என்று சொல்ல வரவில்லை. நம் ஆள் வந்துவிட்டார் என்று நாம் கண்ணை மூடிவிடக் கூடாது என்கிறேன்.

சட்டம் இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். கனடா சாசனத்தில் 33-ஆவது பிரிவு உண்டு. அதைப் பயன்படுத்தி, சில உரிமைகள் தடுத்தாலும் ஓர் அரசு ஐந்து ஆண்டுக்குச் சட்டம் நடத்தலாம், பிறகு புதுப்பிக்கவும் செய்யலாம். 2019-இல் கியூபெக் மாநிலம் அந்தப் பிரிவை வைத்துத்தான், அரசுப் பள்ளி ஆசிரியர், போலீஸ்காரர் போன்றோர் வேலை நேரத்தில் தலைப்பாகை, முக்காடு, சிலுவை முதலிய மதச் சின்னங்கள் அணியக் கூடாது என்று சட்டம் போட்டது. கதவு போட்டவர்களே பின்பக்கம் ஒரு ஜன்னலும் வைத்தார்கள். காவலுக்கு ஆள் வேண்டும்.

ஆகவே, எந்தத் தலைவரைப் பற்றிப் பேசினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஓட்டு இல்லாதவனை அவர் எப்படி நடத்தினார்? ஊரே ஒரு கூட்டத்தின் மேல் கோபமாக இருந்தபோது என்ன செய்தார்? பதவியை விட்டுப் போகும்போது எந்தச் சட்டத்தை விட்டுச் சென்றார்?

2016-இல் கோமகாட்டா மாருவுக்காக ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நல்ல காரியம்தான். ஆனால் 102 ஆண்டு கழித்து. அந்தக் கப்பலில் போனவர்களுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது துணைக்கு ஒரு நல்ல சட்டம். வேட்டி கட்டிய பிரதமர் 2025-இல் பதவி விலகிவிட்டார், மார்க் கார்னி வந்தார். அவரும் ஒருநாள் போவார். 1985 தீர்ப்புச் சொன்ன உரிமையோ, காப்பாற்றுகிறவர்கள் இருக்கும் வரை நிற்கும்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் இந்த மூன்று கேள்வியையும் சொல்லிக் கொடுங்கள்.