நம்ம வீட்டு டிவியை நாமே பாதுகாப்போம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

 

ஆடு வளர்ப்பு, தையல், வங்கிக் கடன்னு எல்லாரும் பேசிட்டாங்க. நான் பேச வந்தது நம்ம வீட்டு டிவியைப் பத்தி. இதுக்கெல்லாம் ஒரு பேச்சான்னு சிரிக்காதீங்க. விஷயம் பணத்துலதான் வந்து நிக்குது.

எங்க சின்ன வயசுல ஊருக்கே ஒரு டிவி, பஞ்சாயத்து டிவி. 2006இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்துல 14 இஞ்ச் பெட்டி நம்ம குடிசைக்குள்ளேயும் வந்துச்சு. அது நம்ம கைக்காசு இல்ல. இப்போ வாங்குற எல்இடி டிவி அப்படி இல்ல. நம்ம குழுக்கள்ல நிறைய பேர் உள்கடன் எடுத்துத்தான் வாங்குறோம். 12,000 ரூபாய் கடன்னு வச்சுக்குங்க. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, மாசம் 600 அசல், 20 தவணை. அசல் குறையக் குறைய வட்டி குறைஞ்சாலும் மொத்தம் 1,260 ரூபாய் வட்டி. ஆக அந்த டிவி நமக்கு 13,260 ரூபாய்.

எங்க குழுவுல ஒரு அக்கா அப்படித்தான் வாங்கினாங்க. நாலாவது தவணை கட்டின மாசம் ஐப்பசி மழையில ஒரு இடி. டிவி போச்சு. மீதி 16 தவணையும் அந்தக் கறுப்புப் பலகைக்குத்தான் கட்டினாங்க. அந்தக் கடன் நிலுவையில இருக்க, இன்னொரு கடன் கேட்க அவங்களுக்கு மனசு வரல. பொண்ணோட பாலிடெக்னிக் பீஸுக்கு வெளியில அஞ்சு வட்டிக்கு வாங்கினாங்க. அதனாலதான் சொல்றேன், கடன் முடியிறதுக்கு முன்னாடி டிவி முடியக் கூடாது.

முதல்ல இடி மின்னல். ரிமோட்ல அணைச்சா டிவி அணைஞ்சதா நினைக்கிறோம். சுவிட்சை அணைச்சாக்கூட பத்தாது. இடி ரெண்டு வழியா வரும். ஒண்ணு கரண்டு வயர், இன்னொண்ணு கேபிள் இல்லன்னா டிஷ் வயர். பிளக்கைப் பிடுங்கிட்டு கேபிளை விட்டுட்டா பாதி கதவைத்தான் சாத்தியிருக்கோம். ரெண்டையும் கழட்டணும். அதுவும் எப்போ? வானம் கறுத்து, தூரத்துல உறுமும்போதே. தலைக்கு மேல இடி இறங்கும்போது ஓடிப்போய் எந்த வயரையும் தொடாதீங்க. டிவி போனா வாங்கலாம், உயிர் போனா வராது. ஸ்டெபிலைசர் இருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க. அது கரண்டு ஏறி இறங்குறதைச் சமாளிக்கத்தான், இடியைத் தடுக்காது.

அடுத்தது கரண்டு. கரண்டு போனதும் டிவி சுவிட்சை அணைச்சிடுங்க. திரும்பி வரும்போது சில நேரம் குப்புன்னு ஏறி வரும். வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. மூணு முள்ளு பிளக்கா இருந்தா மூணாவது முள்ளை உடைச்சிட்டுச் சொருகாதீங்க, அது எர்த்துக்கானது. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில டிவி, மிக்சி, அயர்ன்பாக்ஸ்னு எல்லாத்தையும் மாட்டாதீங்க.

மூணாவது, துடைக்கிறது. வீட்டுல துடைக்கிறது நாமதானே! பழைய பெட்டி டிவிக்கு முன்னாடி இருந்தது கெட்டிக் கண்ணாடி. ஈரத்துணி போட்டாலும் தாங்கும். இப்போ வர்ற எல்இடி டிவியில பெரும்பாலும் கண்ணாடி கிடையாது, மெல்லிய பிளாஸ்டிக் தகடுதான். சோப்புத்தண்ணி, மண்ணெண்ணெய், கண்ணாடி துடைக்கிற திரவம் எதுவும் ஆகாது. திரையில நேரா தண்ணி அடிச்சா அது வழிஞ்சு கீழ் விளிம்புக்குள்ள இறங்கும். அப்புறம் கோடு கோடா வரும். பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறினதும், கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டித் துணியால மெதுவா ஒத்தி எடுத்தாப் போதும். எண்ணெய்க்கறை இருந்தா துணியை நனைச்சு, ஒட்டப் பிழிஞ்சு துடைச்சு, உடனே காய்ஞ்ச துணியால துடைக்கணும். அழுத்தக் கூடாது.

நாலாவது, வைக்கிற இடம். டிவிக்குப் பின்னாடி இருக்கிற ஓட்டைகள் வழியாத்தான் சூடு வெளியே போகுது. சுவத்துக்கும் டிவிக்கும் நாலு அங்குலமாவது இடைவெளி விடுங்க. நாம ஆசையாப் பூப்போட்டுத் தைச்ச உறையை டிவி ஓடும்போது எடுத்திடணும். டிவி மேல விளக்கு, சாமி படம், பூ, தண்ணிச் சொம்பு வேண்டாம். ஒரே அறையில சமையலும் டிவியுமா இருக்கிற வீடுகள்ல தாளிக்கிற ஆவியும் புகையும் திரையில பிசுக்கா ஒட்டும். முடிஞ்ச வரைக்கும் தள்ளி வைங்க. டிவி முன்னாடி உட்கார்ந்து சாப்பிட்டா சிந்தின சோத்துக்கு எறும்பு வரும், எறும்பு டிவிக்குள்ள போகும். அதுக்காகப் பூச்சி மருந்தை உள்ளே அடிச்சிடாதீங்க.

பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒண்ணு சொல்லணும். எல்இடி டிவிக்கு ரெண்டு சின்னக் கால்தான். ஒரு குழந்தை பிடிச்சு இழுத்தாலே முன்னாடி சாயும். பிளாஸ்டிக் நாற்காலி மேலயும் ஆடுற மேஜை மேலயும் வைக்காதீங்க. சுவத்துல மாட்டுறது நல்லது. ரிமோட்டையும் பொம்மையையும் டிவி மேல வச்சா, பிள்ளை அதை எடுக்க ஏறும். இதுல நஷ்டம் காசு மட்டும் இல்ல.

அஞ்சாவது, ரிப்பேர். நம்மள்ல பல பேர் இதுலதான் ஏமாறுறோம். படம் வரலைன்னதும் ஆளைக் கூப்பிடாதீங்க. முதல்ல அந்த பிளக் பாயிண்டுல போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்க. கரண்டு வருதா? டிவியில சின்ன விளக்கு எரியுதா? எரிஞ்சும் படம் இல்லைன்னா செட்டாப் பாக்ஸைப் பாருங்க, எச்டிஎம்ஐ வயரைக் கழட்டி மாட்டிப் பாருங்க. ரிமோட் வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. போன் கேமராவைத் திறந்து, ரிமோட் முனையை அதுக்கு நேரா காட்டி பட்டனை அமுக்குங்க. போன் திரையில வெளிச்சம் மினுக்கினா ரிமோட் நல்லா இருக்கு. சில போன்ல பின்பக்கக் கேமராவுல தெரியாது, செல்ஃபி கேமராவுல பாருங்க. பேட்டரியை ஜோடியா மாத்துங்க. ஊருக்குப் போகும்போது கழட்டி வைங்க, இல்லைன்னா கசிஞ்சு கம்பியை அரிச்சிடும்.

இவ்வளவும் பார்த்தும் வரலைன்னாத்தான் மெக்கானிக். மூடியை நாமளே கழட்டக் கூடாது. பழைய பெட்டி டிவியில சுவிட்சை அணைச்ச பிறகும் உள்ளே கடுமையான மின்சாரம் தங்கியிருக்கும். அதோட பிக்சர் டியூப்பைப் பிள்ளைகள் உடைச்சு விளையாடவும் விடாதீங்க, வெடிச்சுச் சிதறும். அந்தக் கண்ணாடியில ஈயமும் இருக்கு. கிணத்துலயோ ஏரியிலயோ போட வேண்டாம், பழசை எடுத்துக்கிற கடையில கொடுங்க.

மெக்கானிக் வந்தா, "அண்ணே, என்ன போச்சு, எவ்வளவு ஆகும்?" என்று முதல்லயே கேளுங்க. மாத்தின பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்குங்க. ரசீது இல்லாம காசு கொடுக்காதீங்க. டிவி வாங்கும்போது பில்லும் வாரண்டி கார்டும் வாங்கி, முத்திரை இருக்கான்னு பாருங்க. இப்போ வர்ற பில்லுல எழுத்து மங்கிப் போயிடும், அன்னைக்கே போன்ல படம் எடுத்து வைங்க. வாரண்டி காலத்துல கடைக்காரர் அலைய விட்டா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். நாம கேட்கிறது சலுகை இல்ல, உரிமை.

கடைசியா கரண்டு செலவு. ரிமோட்ல மட்டும் அணைச்சா டிவியும் செட்டாப் பாக்ஸும் கொஞ்சம் கொஞ்சமா கரண்டு குடிச்சுக்கிட்டே இருக்கும். பத்து வாட் இழுத்தாலும் நாலு நாளைக்கு ஒரு யூனிட் வந்திடும். படுக்கப் போகும்போது சுவிட்சை அணைச்சிடுங்க. படத்தோட பேக்லைட் வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைச்சு வைங்க. சூடும் குறையும், டிவியும் நாள்பட உழைக்கும்.

சகோதரிகளே, வீட்டுல ரிமோட் யார் கையில இருந்தாலும் தவணை கட்டுறது நம்ம கைதான். அதனால டிவியைப் பத்தித் தெரிஞ்சிக்கிறதும் நம்ம வேலைதான். ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். வீட்டுப் பொருளுக்கு உள்கடன் கொடுக்கிற அன்னைக்கு, பில்லு நகலைக் குழுவுல வாங்கி வைக்கணும், இந்த விஷயங்களை அந்த உறுப்பினருக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டுல எழுதினா நல்லா இருக்கும். அஞ்சு வட்டிக்குப் போற நிலைமை இனி நம்ம உறுப்பினர் யாருக்கும் வரக் கூடாது.