பாதியில் நின்ற பயிற்சி



கற்பிட்டிக் குடாநாட்டு மணல் நீரைத் தாங்கி நிற்பதில்லை. நிலத்தடி நீரை இறைத்து இறைத்தே இங்கு வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. இறைக்கும் இயந்திரம் பழுதாகிச் சில நாள் நின்றால் பயிர் வாடும். வள்ளத்தின் இயந்திரம் நின்றால் மீனவன் வீட்டு அடுப்பு எரியாது. இவற்றைச் செப்பனிடும் கைகள் நம்மிடையே பெருகுகின்றனவா, அருகுகின்றனவா?

பயிற்றுவிக்க ஏற்பாடே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1971 ஆம் ஆண்டிலேயே பயிலுநர் சட்டம் பிறந்துவிட்டது. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை அமைந்தது. ஆனால், சேர்ந்த பிள்ளை இறுதிவரை நிற்கின்றானா?

பாதியில் விலகுகின்றவனைச் சோம்பேறி என்போர் அவன் வீட்டு உலையை எட்டிப் பார்த்ததில்லை. பயிலும் காலத்து உதவிப்பணம் குடும்பத்தைத் தாங்காது. கடலுக்கோ கட்டட வேலைக்கோ சென்றால் அன்றன்றைக்கே கூலி கிடைக்கிறது. தமிழில் படித்த பிள்ளைக்குத் தமிழில் பாடம் கிட்டாவிடின் எஞ்சிய ஊக்கமும் போய்விடுகிறது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடிக் கடல் கடந்தனர். அங்கும் சான்றிதழ் உள்ளவன் தொழில்வினைஞன். பாதியில் விட்டவன் வெறுங் கூலியாள்! கைதேர்ந்தவன் போய்விட, கற்கத் தொடங்கியவனும் விலகிவிட்டால், முதிய மேசனுக்கும் தச்சனுக்கும் பின் யார்?

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: பத்துப் பேர் சேர்ந்து அறுவர் விலகினால், பத்து வினைஞரைப் பெற இருபத்தைந்து பேரைச் சேர்க்கவேண்டும். புதிய கட்டடங்களைத் திறப்பது மட்டும் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்!

நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. மாம்புரியில் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் வாயிலில் நம் பிள்ளைகள் காவல் நிற்பதா, உள்ளே வினைஞராய் நிற்பதா?

ஆட்சியாளரிடம் நாம் கேட்பவை மூன்று: வயிற்றுக்குப் போதுமான உதவிப்பணம், தமிழில் பாடமும் தேர்வும், இடையில் விட்டவன் விட்ட இடத்திலிருந்தே தொடரும் உரிமை.

நமக்கும் கடமை உண்டு. மகன் எழுதுவினைஞன் என்றால் தலைநிமிர்ந்தும், வெல்டிங் செய்பவன் என்றால் குரல் தாழ்த்தியும் சொல்லும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். தொழில் கற்ற கை தாழ்ந்த கை அன்று. நம் வயலையும் வள்ளத்தையும் வாழவைக்கும் கை அது!