மரத்தின் நேரமும் மனிதரின் நேரமும்

(செங்காங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கூலியைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். இன்று மணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

நாம் கூடியிருக்கும் இந்தச் செங்காங் வட்டாரத்திலும், பக்கத்து ஜாலான் காயுப் பகுதியிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. மரம் போயிற்று, விடியுமுன் எழுந்து ஓடும் பிழைப்பு மட்டும் போகவில்லை. ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்த நம் பிள்ளைகள் பலர் நான்கு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து இத்தீவுக்கு வேலைக்கு வருகிறார்கள். ஆகவே இது தோட்டத்துக்குள் அடங்கும் விஷயமல்ல.

பால் வெட்டுவதை உடலுழைப்பு என்று மட்டும் எண்ணுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாளாவது உளியைப் பிடித்துப் பார்க்கட்டும்! பால் நாளங்கள் நெருக்கமாக இருப்பது பட்டையின் உட்புறத்தில். உளி அதுவரை போகவேண்டும். ஆனால் மரத்தை வளர்க்கும் பசுந்தோலைத் தொடக்கூடாது. இடையே விடவேண்டிய பட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிஞ்சினால் மரம் காயப்படும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். 500 மரத்தை நான்கு மணி நேரத்தில் முடிக்கிறவருக்கு, நடையும் சேர்த்து, ஒரு மரத்துக்கு அரை நிமிடங்கூடக் கிடைப்பதில்லை. கால் மேட்டில் ஏறுகிறது, கை உளியை இழுக்கிறது, கண் சரிவைப் பார்க்கிறது, மனம் ஆழத்தை அளக்கிறது. நான்கும் ஒரே நேரத்தில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில்!

இந்த வேலையை இருட்டில் செய்யச் சொன்னது யார்? துரை அல்ல, மரம். ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை, 1888-ல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி வகுத்துக் கொடுத்தார். அதிகாலையில் ஏன் பால் அதிகம் என்பதற்குப் பிற்பாடு விளக்கம் கிடைத்தது. 1960-களில் பட்டரி, போட்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பட்டைக்குள் இருக்கும் அழுத்தத்தையே அளந்தார்கள். விடியுமுன் அது பத்து வளிமண்டல அழுத்தத்தை எட்டுகிறது. காரின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றைப் போல நாலைந்து மடங்கு! வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்குகிறது, பாலும் சுணங்குகிறது.

மரத்துக்கு உச்ச நேரம் எதுவோ, அதுவே மனித உடலுக்குப் பள்ளம். பகலில் விழித்து இரவில் உறங்கும் உடலின் சூடு அதிகாலை நான்கு, ஐந்து மணியளவில் மிகக் குறைந்து, மாலையில் உயர்ந்து நிற்கும். சிகாகோ பல்கலைக்கழகத்து கிளைட்மன் 1930-களில், சீட்டுப் பிரித்தல், பெருக்கல் கணக்கு முதலிய வேலைகளை நாளின் பல வேளைகளில் செய்வித்துப் பார்த்தார். சூடு ஏறினால் வேலை விரைந்தது. இறங்கினால் மந்தமும் தவறும் மிகுந்தன. உறங்கி எழுந்த முதல் அரை மணி நேரம் மூளை முழுதும் விழிப்பதில்லை என்பதும் இன்று தெரிந்த உண்மை. போப்பாலில் விஷவாயு வெளிப்பட்டது 1984 டிசம்பர் 2, 3-க்கு இடைப்பட்ட இரவில். செர்னோபில் அணு உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23-க்கு. அவற்றுக்கு வேறு பெருங்குற்றங்கள் காரணம். நேரத்தின் மேல் பழி போட்டு முதலாளிகளைத் தப்பவிட நாம் தயாரில்லை. ஆனால் அந்த வேளையில் மனிதரிடம் நுட்பமான கவனத்தை எதிர்பார்ப்பவர், அதற்குரிய வசதியையும் செய்து தரவேண்டும்.

கடிகாரமும் நம்மை விட்டபாடில்லை. 1942-ல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ மணியைத் திணித்தார்கள். கடிகாரம் ஒன்றரை மணி முன்னே ஓடிற்று. 1982 ஜனவரி முதல் தேதி சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் அரை மணியை முன்தள்ளின. இன்று இங்கே சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் எழுகிறது. மரத்துக்கும் உடலுக்கும் இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. அவை சூரியனைத்தான் பார்க்கின்றன. பெரட்டு மணியைக் கடிகாரத்தைப் பார்த்து மட்டும் வைக்கும் தோட்டத்தில், சூரியக் கணக்குப்படி எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதிகாலை வேலையே கெடுதல் என்று நாம் சொல்லவில்லை. எட்டரைக்குள் படுத்து நாலு மணிக்கு எழும் வழக்கம் நிலைத்தால் உடல் தன் பள்ளத்தையே சற்று முன்னே நகர்த்திக்கொள்ளும். கெடுதல், திருடப்படும் தூக்கத்தில் இருக்கிறது. ஆண் நாலரைக்கு எழுந்தால், தேநீரும் சோறும் ஆக்கிப் பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கும் தாய் மூன்றரைக்கு எழுகிறாள். பிறகு இருவரும் ஒரே அளவு நிரையை வெட்டுகிறார்கள். காயம்பட்ட மரத்தைக் காட்டி மண்டோர் ஏசும்போது அந்த ஒரு மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆடவர் அடுப்பைப் பற்ற வைத்தால் என்ன, கையா தேய்ந்துவிடும்?

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பள்ளம் மதியத்தில் இருக்கிறது. ஒரு மணி முதல் மூன்று மணி வரை கண் சொக்குவது சோற்றினால் மட்டும் அல்ல. சாப்பிடாதவருக்கும் அந்தத் தளர்ச்சி வரும். வாளிகளைத் தூக்கி நிறுத்து, பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்த்து, பெருக்கிப் பதியும் வேலை அந்த நேரத்தில் விழுந்தால், ஓர் எண் மாறினாலும் ஒரு குடும்பத்தின் கூலி மாறும். நிறுத்த எடையை உரக்கச் சொல்லி, வெட்டியவர் கண்முன்னே எழுதுங்கள். மாதக் கணக்கைக் கூட்டும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ள நிர்வாகத்திடம் கேளுங்கள். சங்கம் துணை நிற்கும்.

நம் கிளைக் கூட்டங்களும் இரவு பத்து வரை நீளுவதுண்டு. இனி எட்டு மணிக்கு முடியவேண்டும். பேச்சாளர்கள் கோபித்தாலும் சரியே.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் ஒரு மாதக் குறிப்பு கொண்டுவாருங்கள். பெரட்டு எத்தனை மணி, முதல் மரம் எத்தனை மணி, மரத்தில் காயம் பட்டது எந்த வேளையில், முந்திய இரவு தூங்கியது எவ்வளவு, எடை போட்டது எப்போது. பெண்களின் குறிப்பைத் தனியே எழுதுங்கள். அந்தத் தாள்களோடு நிர்வாகத்தின் முன் உட்காருவோம்.