முதலில் எந்த நூல்?

 

"பிள்ளைகள் பொருளீட்டத் தொடங்கிவிட்டார்கள், முதலீட்டைப் பற்றி எந்த நூலை வாங்கித் தரலாம்?" என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். மேலாண்மை பயிலும் இளைஞர்களோ அமைப்புச் சிந்தனை நூல்களைக் கையில் வைத்திருக்கின்றனர். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பல பகுதிகளை ஒரு முழுமையாகக் காணும் பயிற்சியே அமைப்புச் சிந்தனை. இவ்விரண்டில் எதை முதலில் படிப்பது என்பதே இன்றைய என் பொருள்.

இக்கேள்வியை எழுப்பக் கடலூர் பொருத்தமான ஊர். அறிஞர் பலர் திருப்பாதிரிப்புலியூர் எனக் கருதும் பாடலிகத்தில், சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், லோகவிபாகம் என்னும் பிராகிருத நூலை எழுதி முடித்தார். நமக்குக் கிடைத்திருப்பது சிம்மசூரியின் வடமொழி ஆக்கம். உலகின் அமைப்பைப் பகுதி பகுதியாக விரிக்கும் அந்நூல், பேரெண்களைச் சுழியத்தோடு கூடிய இடமதிப்பு முறையில் கூறுகிறது. கணக்கும் முழுமைப் பார்வையும் அங்கே ஒரே சுவடியில் இருந்தன. இன்று புத்தகக் கடையில் அவை வெவ்வேறு அலமாரிகளில் இருக்கின்றன.

முதலீட்டு நூல்களுள் முதன்மையானது பெஞ்சமின் கிரகாம் 1949இல் வெளியிட்ட 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்'. அமைப்புச் சிந்தனைக்குத் தொடக்க நூலாகக் கொள்ளத்தக்கது டொனெல்லா மெடோஸ் எழுதிய 'திங்கிங் இன் சிஸ்டம்ஸ்'. அவர் 2001இல் மறைந்தபின் 2008இல் அது அச்சேறியது. இருப்பு, வரத்து, போக்கு, காலத்தாழ்வு ஆகியவற்றை அந்நூல் விளக்குகிறது.

சிதம்பரம் வட்டாரத்தார்க்கு இவை புதியன அல்ல. பராந்தக சோழன் காலத்து வீராணம் ஏரியை நினையுங்கள். மேட்டூரில் திறந்த நீர் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக ஏரியை அடையப் பல நாள்கள் ஆகின்றன. ஏரி நீர் வயல்களுக்குப் பாய்கிறது. 2004 முதல் சென்னைக்கும் செல்கிறது. அடியில் படியும் வண்டலோ ஏரியின் கொள்ளளவைக் குறைக்கிறது. குடும்பச் சேமிப்பும் ஓர் ஏரியே. வருவாய் வடவாறு, செலவு மதகு, விலைவாசி உயர்வு கண்ணுக்குத் தெரியாத வண்டல். நீர்மட்டத்தை மட்டும் பார்த்திருப்பவர், மேட்டூர் அடைபட்டதை நாள் கடந்தே அறிவார்.

இப்பார்வையின் பயனுக்கு இரு சான்றுகள் கூறுகிறேன்.

1990களில் தமிழகத்தில் நிதி நிறுவனங்கள் பல, வழக்கத்துக்கு மீறிய வட்டி தருவதாகக் கூறி மக்களின் வைப்புத்தொகையைத் திரட்டி வீழ்ந்தன. வைப்பாளர் நலன் காக்க 1997இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. "வட்டி எவ்வளவு?" என்று கேட்டவர் பலர். "அந்த வட்டி எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பதே அமைப்புச் சிந்தனை. புதியவர் செலுத்தும் பணமே பழையவர்க்கு வட்டியாகுமெனில், புதியவர் வரவு நிற்கும் நாளில் அனைத்தும் நின்றுவிடும்.

இரண்டாவது, தானே புயல். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த அப்புயல், பண்ருட்டிப் பகுதியின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. ஒரு குடும்பத்துக்கு முந்திரித் தோப்பு, கொட்டை உடைக்கும் தொழில், தோப்புக்காரர்களுக்குக் கொடுத்த கடன் என மூன்று முதலீடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஏட்டில் அவை மூன்று, வேர் ஒன்றே. ஒரு காற்றில் மூன்றும் சாயும். முதலைப் பலவற்றில் பிரித்து வை என்கிறார் கிரகாம். பிரித்தவை உண்மையிலேயே பிரிந்திருக்கின்றனவா என்று ஆராயக் கற்றுத் தருபவர் மெடோஸ்.

ஆகவே, இனிமேல்தான் சேமிக்கத் தொடங்கும் இளைஞர் மெடோஸை முதலில் படிக்கட்டும். ஏற்கெனவே பங்குகள் வைத்திருப்பவர் காத்திருத்தல் ஆகாது. அவர் கிரகாமின் நூலில் சந்தை ஏற்ற இறக்கம் பற்றிய 8ஆம் இயலையும், பாதுகாப்பு இடைவெளி பற்றிய 20ஆம் இயலையும் உடனே படிக்க வேண்டும். அமைப்புச் சிந்தனை மட்டும் கற்றவர்க்கு ஒரு நிறுவனத்தின் வரவு செலவு அறிக்கையைப் படிக்கத் தெரியாது. இரண்டாம் நூலையும் விடலாகாது என்பதற்குக் காரணம் இதுவே. ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் வாரம் ஓர் இயலைப் படித்து, வீட்டுப் பெரியோர்க்குத் தமிழில் எடுத்துரைக்கலாம். பெரியோர் கேட்கும் கேள்விகளால் அப்படிப்பு ஆழம் பெறும்.

எவ்வளவு போதும் என்னும் கேள்விக்கு மட்டும் விடையை நம் இல்லறத்தாரின் பொருள் வரைதல் நோன்பில்தான் தேட வேண்டும். வீராணத்துக்கு 47.5 அடி என ஒரு முழுமட்டம் வகுத்திருக்கிறார்கள். அதற்குமேல் நீரைத் தேக்கினால் கரைக்கே கேடு. நம் வீட்டு ஏரிக்கு முழுமட்டம் எது என்பதைக் குடும்பத்தோடு அமர்ந்து முடிவு செய்துவிட்டு, அதன்பின் நூலைத் திறப்போம்.