தலைக்கட்டும் தலையும்



அரசியல் சட்டத் திருத்தம் பற்றிப் பேசுமாறு கழகத்தார் பணித்துள்ளனர். டில்லியிலிருந்து தொடங்காமல் ஊர்க் கோயில் வரியிலிருந்து தொடங்குவோம். நம் சீமையில் திருவிழா வரியைத் தலைக்கட்டுக் கணக்கில் பிரிப்பர். மணமான ஆண்மகன் ஒரு தலைக்கட்டு. பெண்டிர் அக்கணக்கில் வாரார். வகையறா, கரை, ஊர், நாடு என அடுக்கு உயரும்; அம்பலக்காரர் மேலே அமர்வார். நம் தெருவில் வரியே வாங்காத ஊர்கள் பல. அது சலுகையன்று. வரி வாங்கினால் பங்கு தரவேண்டும். பங்கு தந்தால் பேச்சுரிமையும் தரவேண்டும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்தியாவுடன் இணைந்தது. அவ்வாண்டு நவம்பர் 4-இல் டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்துப் பேசினார். கிராமமே அரசின் அடிப்படை அலகாக வேண்டும் என்று வாதிட்டோர் இருந்தனர். அவர் இசையவில்லை. கிராமம் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்றார். தனிமனிதனையே வரைவு அலகாகக் கொண்டது குறித்து மகிழ்ந்தார். உறுப்பினர் பலர் வெகுண்டனர். நவம்பர் 22-இல் கே. சந்தானம் கொணர்ந்த திருத்தத்தால் கிராமப் பஞ்சாயத்து சட்டத்துள் நுழைந்தது. இன்று அது 40-ஆம் விதி. அம்பேத்கரும் அதனை ஏற்றார். ஆயினும் அது வழிகாட்டும் நெறியே; நீதிமன்றத்தில் கேட்டுப் பெற இயலாதது.

1993 ஏப்ரல் 24-இல் 73-ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான் நெறி கட்டாயமாயிற்று. மக்கள்தொகை விகிதப்படி நமக்கு இடங்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதனைத் தமிழகம் 2016-இல் பாதியாக்கியது. கிராமம் சட்டத்துள் வந்தது; அம்பேத்கர் கேட்ட தனிமனிதனையும் உடன் அழைத்துக்கொண்டே வந்தது.

தலைக்கட்டுக் கணக்கு இதனை எளிதில் பொறுக்கவில்லை. மேலூரை அடுத்த மேலவளவில் ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசன் 1997 ஜூன் 30-இல் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைவர் அமரவில்லை. வேட்புமனுவே வாராது; வந்தாலும் வென்ற கையோடு பதவி விலகல் கடிதம் வரும். 2006-இல்தான் தேர்தல் நிலைபெற்றது. நம் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை இங்கு விளக்க வேண்டுவதில்லை.

இனி நம் தெருவுக்கு வருவோம். நம்முள்ளும் வகையறா உண்டு. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இரவில் எந்தப் பங்காளி எந்தப் பக்கம் என்றே கணக்கிடப்படுகிறது. தனித்தொகுதி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டால், அவள் கணவன் யார் என்பதே முதற்கேள்வி. நாட்டார் நம்மை எண்ணவில்லை என்று குறைகூறும் நாம் நம் பெண்களை எண்ணுகிறோமா?

வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். 18 வயது நிறைந்த பெண்ணுக்கும் அம்பலக்காரருக்கும் ஒரே எண்ணிக்கை. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சட்டத் திருத்தத்தை நாம் விவாதிக்கத்தக்க மன்றம் அதுவே. கூலி வேலை நாளென்று அதனைத் தவறவிடுவோர் நம்மில் மிகுதி.

இளைஞர்களே, அடுத்த கூட்டத்திற்குத் தாயையும் தமக்கையையும் அழைத்துச் செல்லுங்கள். வரவு செலவை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பின்னர் எழுதும் வழக்கம் பலவிடத்தும் உண்டு. தீர்மானம் எழுதப்படாத ஏட்டை நீட்டினால், பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எழுதி முடிக்கும்வரை அங்கேயே அமர்ந்திருங்கள்.