இளைப்புக்காரர்களுக்கும் இந்தக் காற்றில் பங்கு உண்டு!

(கல்குவாரி, கிரஷர் தூசியைக் கட்டுப்படுத்தக் கோரி வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடந்த ஆர்ப்பாட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



களை வெட்டும் வேலையைப் போட்டுவிட்டு, அரை நாள் கூலியை விட்டுவிட்டு இந்த வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சுற்றி வளைத்துப் பேச நேரம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

தண்ணிக்காகப் போராடினோம். கரண்டுக்காகப் போராடினோம். கரும்பு பாக்கிக்காக ஆலை வாசலில் படுத்துக் கிடந்தோம். இன்றைக்கு மூச்சுக்காக வந்திருக்கிறோம். "காத்துக்கெல்லாமாப்பா போராட்டம்?" என்று கேட்பவர்கள் ஒரு நாள் ராத்திரி நம்ம ஊரில் தங்கிப் பார்க்கட்டும். விடிந்ததும் திண்ணையில் விரலை வைத்து இழுத்தால் கோடு விழுகிறது. சோளத்தட்டை வெள்ளை பூத்து நிற்கிறது, மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. இலை மேல் தூசி படிந்தால் வெயில் இறங்காது, பயிர் தேறாது. இது நமக்குத் தெரிந்த கணக்கு. மனுஷனுக்குள்ளே அதே தூசி என்ன செய்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

கண்ணுக்குத் தெரியாத தூசிதான் ஆளைக் கொல்லும்

கண்ணில் விழுகிற பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தும்மினால், காறித் துப்பினால் வெளியே போய்விடும். பி.எம். 2.5 என்று சொல்கிற நுண்தூசி அப்படி இல்லை. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் அடி வரைக்கும் போகும். அதிலும் ரொம்பச் சன்னமானது ரத்தத்திலேயே கலந்துவிடும். கல்லை உடைக்கும்போது வருகிற தூசியில் சிலிக்கா வேறு இருக்கிறது. அது வருஷக்கணக்கில் உள்ளே போனால் சிலிக்கோசிஸ் வரும். வந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. சிலிக்கோசிஸ் இருப்பவருக்கு டி.பி. வருகிற ஆபத்தும் அதிகம்.

திடமான ஆள் இந்தத் தூசியில் இருமிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். இளைப்பு இருக்கிறவருக்கு மூச்சுக்குழாய் ஏற்கெனவே சுருங்கி இருக்கிறது, அன்றைக்கு ராத்திரி படுக்க முடியாது. நெஞ்சுவலி வந்து பிழைத்தவருக்கு மறுபடியும் வலி வரலாம். சர்க்கரை, பிரஷர் இருப்பவருக்கும் ஆபத்து கூடுகிறது. வருஷக்கணக்கில் விறகடுப்பு ஊதி நுரையீரல் கெட்டுப்போன நம்ம பாட்டிகளைக் கேட்கவே வேண்டாம். காற்று எல்லாருக்கும் பொது. ஆனால் அடி எல்லாருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை.

இது நாம் சொல்கிற கதை இல்லை. 1952 டிசம்பரில் லண்டன் மாநகரத்தைக் கரிப்புகை ஐந்து நாள் மூடிக்கொண்டது. அந்த நாட்களிலேயே சுமார் 4,000 பேர் கூடுதலாகச் செத்தார்கள் என்று முதலில் கணக்கிட்டார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் 12,000 வரை இருக்கும் என்றார்கள். அதில் ஏராளமானவர்கள் ஏற்கெனவே நெஞ்சு நோயும் நுரையீரல் நோயும் உள்ளவர்கள், வயசானவர்கள், கைக்குழந்தைகள். "சீக்காளிகள்தானே, எப்படியும் போயிருப்பார்கள்" என்று அந்த நாடு விட்டுவிட முடியவில்லை. 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் போட்டார்கள்.

அதிகாரிகள் சொல்லும் மூன்று பதில்கள்

முதல் பதில்: "அவருக்கு பீடிப் பழக்கம் இருந்துச்சு." இருக்கட்டும். பீடியே தொடாத தாய்மார்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருமுகிறார்களே, அவர்களுக்கு என்ன பதில்? பீடியால் பாதி கெட்ட நுரையீரலை மீதியும் கெடுக்க யாருக்கு அனுமதி கொடுத்தீர்கள்?

இரண்டாவது பதில்: "எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு." எந்த அளவு? நம் நாட்டில் 2009-ல் அறிவித்த அளவுப்படி ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு வெறும் 15. நாலு பங்கு வித்தியாசம். இன்னொன்றும் கேளுங்கள். மத்திய அரசு 2014-ல் காற்றுத் தரக் குறியீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் 101 முதல் 200 வரை 'மிதமானது' என்று பெயர். அந்த 'மிதமான' காற்றிலேயே நுரையீரல் நோய், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களுக்கு மூச்சுச் சிரமம் வரும் என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு மிதம், நோயாளிக்கு ஆபத்து! இதை அளக்கும் கருவிகளும் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கின்றன. நம்ம ஊரில் அளக்காமலே 'அளவுக்குள்ள இருக்கு' என்றால், எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறார்கள்?

மூன்றாவது பதில்: "கிரஷரை மூடினா உங்க பசங்க வேலைக்கு எங்கே போவாங்க?" அங்கே வேலை செய்வது நம்ம பிள்ளைகள்தான். முதலில் தூசி தின்பதும் அவர்கள்தான். அவர்கள் கூலி போக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. சட்டத்தில் இருப்பதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1981-ம் வருஷத்துக் காற்று மாசு தடுப்புச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் கிரஷர் ஓட்டக் கூடாது. கிரஷர் இயந்திரத்தில் தூசியை அடக்கும் ஏற்பாடு வேண்டும். காற்றுத் தடுப்புச் சுவர் வேண்டும். வளாகத்துக்குள் கெட்டியான பாதை போட வேண்டும். தரையைக் கூட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். சுற்றிலும் மரம் வளர்க்க வேண்டும். இவ்வளவும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் எழுதி இருக்கிறது. 1959-ம் வருஷத்துத் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில், குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக் குத்தகை தரக் கூடாது என்று இருக்கிறது. மாசு இல்லாத காற்றும் தண்ணீரும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2015-ல் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கச் சொன்னார்கள். சுரங்கத்தாலும் குவாரியாலும் பாதிக்கப்பட்ட மக்களுக்கு அந்தப் பணம். செலவு செய்ய வேண்டிய முதன்மையான வேலைகளில் மருத்துவமும் மாசுக் கட்டுப்பாடும் இருக்கின்றன. நம்ம ஊர் மலையை உடைத்து வந்த பணத்தில் நம்ம ஊர் நோயாளிக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வாங்க முடியாதா?

நம் கோரிக்கைகள்

1. கிரஷர்களை வாரிய அதிகாரிகள் சொல்லாமல் வந்து சோதிக்க வேண்டும். தண்ணீர்த் தெளிப்பானும் தடுப்புச் சுவரும் இல்லாத கிரஷரை, அவை அமைக்கும் வரை நிறுத்த வேண்டும்.

2. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, காலனி ஆகிய இடங்களில் தூசியை அளந்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத வேண்டும்.

3. வெடி வைக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தார்ப்பாய் மூடாத டிப்பர் லாரி ஊருக்குள் நுழையக் கூடாது.

4. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெபுலைசர், ஆக்சிஜன், இன்ஹேலர் எந்நேரமும் இருக்க வேண்டும். ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் உள்ள முகாமை எங்கள் ஊரிலேயே நடத்த வேண்டும். கிரஷர் தொழிலாளிகளை அதில் முதலில் பார்க்க வேண்டும்.

5. இந்தச் செலவைக் கனிம அறக்கட்டளைப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை நம் ஆட்களைக் காப்பது எப்படி?

போராட்டம் முடிய நாளாகும். மூச்சு அதுவரை காத்திருக்காது. ஆகவே சில விஷயங்களை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

இளைப்பு மருந்தை, "இன்னிக்கு நல்லாத்தானே இருக்கு" என்று பாதியில் நிறுத்தாதீர்கள். இன்ஹேலர் அடிமைப்படுத்தும் என்பது வெறும் புரளி. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் கொஞ்ச அளவே போதும். உடனே மூச்சைத் திறக்கும் இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டே காட்டுக்குப் போங்கள்.

வெடி வைக்கும் நேரத்திலும், மார்கழி, தை மாசப் பனி மூடிய விடியற்காலையிலும் நோயாளிகள் வெளியே போவதைத் தவிர்க்க வேண்டும். அந்தப் பனிக்காற்று தூசியை மேலே போக விடாமல் தரையோடு அமுக்கி வைக்கும். வீட்டை வறட்டு விளக்குமாறால் கூட்டாமல், தண்ணீர் தெளித்தோ ஈரத்துணியால் துடைத்தோ எடுங்கள். துண்டை மூக்கில் கட்டினால் பெருந்தூசிதான் நிற்கும், நுண்தூசி நிற்காது. அதற்கு என்-95 முகக்கவசம் வேண்டும். அதைப் போட்டால் சிலருக்கு மூச்சு முட்டும் என்பதால் நோயாளிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். நோயாளி இருக்கும் வீட்டுப் பக்கத்தில் சோகை, பிளாஸ்டிக், டயர் எதையும் யாரும் கொளுத்தக் கூடாது. போகிக்கும் அப்படித்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நெஞ்சை அடைத்தாலோ கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்து என்ன?

ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர் பொறுப்பு எடுங்கள். இளைப்பு, டி.பி., இருதய நோய் உள்ளவர்கள் யார் யார் என்று, அவர்கள் சம்மதத்தோடு பட்டியல் எடுங்கள். எந்த நாளில் யாருக்கு மூச்சுத்திணறல் வந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு அதுதான் சாட்சி. கிரஷருக்குக் கொடுத்த இசைவின் நகலையும் அதன் நிபந்தனைகளையும் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம். வருகிற கிராம சபையில் தீர்மானம் போடுவோம். அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போவோம்.

இந்தக் கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறவர்கள், கட்டிலில் சாய்ந்தபடியே ராத்திரியைக் கழிக்கிறவர்கள். கோஷம் போட அவர்களுக்கு மூச்சு இல்லை. அவர்களுக்கும் சேர்த்து நாம் போடுவோம்!

மலை உடைத்த காசில் மருந்து கொடு!
தூசியை அடக்கு! இல்லையேல் கிரஷரை நிறுத்து!
சீக்காளி மூச்சும் மூச்சுதான்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!