பழுதுபார்த்த பின் வரும் பழுது

கொட்டாஞ்சேனையில் பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவருக்குப் பஞ்சிகாவத்தை தொலைவன்று. உதிரிப் பாகங்கள் விற்கும் கடைகள் அங்கே நிறைந்திருக்கின்றன. வேண்டிய பாகம் அருகிலே கிடைப்பது நல்வாய்ப்பே. ஆயினும், நோய் இன்னதென அறியுமுன் மருந்தை வாங்கிவிடும் பழக்கத்திற்கும் அதுவே வித்தாகிவிடுகின்றது.

எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்க. இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே 1962 முதல் 1980 வரை உருவாக்கப்பட்ட வண்டி அது. அத்தகைய வண்டியொன்றின் இரு காபரேற்றர்களும் கழுவப்பட்டு, டிஸ்ரிபியூற்றரின் உட்பாகங்கள் மாற்றப்பட்டு, பெற்றோல் தாங்கிக்குப் புதிய மூடியும் இடப்பட்டதெனக் கொள்க. காலையில் இனிதே புறப்படுகின்றது. கால்மணி நேரம் ஓடியதும், ஜம்பட்டா வீதி நெரிசலின் நடுவே நின்றுவிடுகின்றது. சற்று ஆறவிட்டால் மீண்டும் ஓடுகின்றது.

உடனே காபரேற்றரை மறுபடியும் கழற்றுகின்றனர். கொயிலை மாற்றுகின்றனர். பம்பையும் மாற்றுகின்றனர். பணம் கரைகின்றது. வண்டிக்காரர் மெக்கானிக்கை ஐயுறுகின்றார். மெக்கானிக்கோ வண்டியின் வயதைப் பழிக்கின்றார். பல ஆண்டுகள் போற்றிய வண்டி இறுதியில் கொட்டகையில் முடங்குகின்றது. முடங்கியதற்குக் காரணம் முதுமையன்று, முறையின்மையே.

பழுதுபார்க்குமுன் இல்லாத குறை பின்னர் தோன்றினால், இடையில் கைபட்ட இடம் எதுவென்பதே முதற் கேள்வி. புதிய பாகமெல்லாம் நல்ல பாகம் அன்று. டிஸ்ரிபியூற்றரில் உள்ள கொண்டென்சர் என்னும் சிறு உருளை, குறையுடையதாயின், குளிர்ந்திருக்கையில் ஒழுங்காக வேலை செய்து, சூடேறியதும் செயலிழக்கும். ஆறினால் மீண்டும் உயிர்பெறும். தாங்கியின் புதிய மூடியில் காற்றுப் புக வழியில்லை என்றாலும் இதே விளைவுதான். பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, எரிபொருளின் வரவைத் தடுக்கின்றது.

இரு காரணங்களும் ஒரே தோற்றம் தருவனவாயின், அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? வண்டி நிற்கும் அந்தக் கணத்திலே சோதிக்க வேண்டும். கராஜில் ஆறிய வண்டி உண்மை கூறாது. எஞ்சின் வேகங்காட்டும் கருவி மின்சாரத்தால் இயங்குவதாயின், வண்டி உருண்டு எஞ்சின் இன்னும் சுழன்றுகொண்டிருக்கையிலேயே அதன் முள் சடுதியாகப் பூச்சியத்தில் விழுகின்றதா என நோக்குக. விழுந்தால் குறை மின்பொறித் தொகுதியில் இருத்தல் கூடும். எஞ்சின் திணறித் திணறி அடங்கினால் பெற்றோல் வரவை ஐயுறலாம்.

அடுத்து, வண்டியை ஓரங்கட்டித் தாங்கியின் மூடியைத் திறக்க வேண்டும். காற்று ‘உஸ்’ என்று உள்ளே பாய்ந்து, பின்னர் வண்டி ஓடுமாயின் குற்றவாளி மூடியே. அதன்பின் சாவியைத் திருப்பிப் பம்பின் ஒலியைக் கேட்க வேண்டும். மின்பம்பு சில தடவை ‘டிக் டிக்’ என ஒலித்து, காபரேற்றர் நிறைந்ததும் அமைதியாவது இயல்பு. அறவே ஒலியாவிடின் மின்னிணைப்பையோ பம்பையோ நோக்குக. ஓயாது ஒலித்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகின்றது, அல்லது பெற்றோல் ஒழுகுகின்றது. இவ்வேளைகளில் புகைபிடித்தல் ஆகாது. சூடான எஞ்சினருகே பெற்றோற் குழாயைக் கழற்றுவதும் ஆபத்தே.

காரணம் புலப்பட்ட பின்னரும் ஒருமுறைக்கு ஒரு பாகத்தையே மாற்றுதல் வேண்டும். மாற்றியபின் வண்டியை முன்போல் ஓட்டிப் பார்த்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை எறிந்துவிடலாகாது. புதியது பொய்த்தால் மீண்டும் கைகொடுப்பது அதுவே.

நான்கு பாகங்களை ஒருங்கே மாற்றியவனுக்கு வண்டி ஓடினாலும் ஏன் ஓடுகின்றது என்பது தெரியாது. ஒன்றை மாற்றி உற்றுநோக்கியவனோ, வண்டி ஓடாதபோதும் ஒன்றைக் கற்றுக்கொள்கின்றான்.